ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு உடை: குழந்தைகளின் அமைதி விழாவில் இதற்குப் பயன் உண்டா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 8 வயது முதல் 13 வயது வரை உள்ள சுமார் 150 குழந்தைகளுக்கு ஒரு நாள் விழா. கருப்பொருள், அமைதியும் பல பண்பாடுகளும். குழுவுக்கு ஒரு நாடு என்று பிரித்து, அந்த நாட்டு உடை, ஒரு நடனம், ஒரு கொடி, கடைசியில் எல்லோரும் கைகோத்து ஒரு பாட்டு என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். இதனால் குழந்தைகளின் மனதில் ஏதாவது பதியுமா, இல்லை பெற்றோர் போட்டோ எடுக்க மட்டும்தானா என்று கேட்டிருக்கிறார் ஏற்பாட்டாளர்.

இந்தத் திட்டத்தை அப்படியே நடத்தினால் பெரும்பாலும் போட்டோவுக்குத்தான். ஆனால் விழாவைக் கைவிட வேண்டியதில்லை. அதே குழந்தைகளை வைத்து, அதே ஒரு நாளில் வேறு மாதிரி செய்யலாம்.

இந்த மாதிரி விழாக்களில் பல வருடமாக நாற்காலி தூக்கியிருக்கிறேன், திட்டமும் போட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் குழுவுக்கொரு நாடு என்றுதான் பிரித்தேன். ஒருமுறை மேடைக்குப் பின்னால், தலைப்பாகை நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பையனிடம் "நீ எந்த நாடுப்பா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "மூணாவது நாடு சார்" என்றான். நிகழ்ச்சி வரிசையில் அவன் குழுவுக்கு மூன்றாவது இடம். ஆறு வாரம் ஒத்திகை பார்த்திருந்த பையன் அவன்.

அவன் மேல் தப்பே இல்லை. எப்போது உள்ளே வர வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எப்போது கையசைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்தோம். அதை அவன் பிசகில்லாமல் செய்தான். நாங்கள் சொல்லிக்கொடுக்காத ஒன்று அவனுக்கு எப்படித் தெரியும்?

லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1989இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: சுற்றுலாப் பயணியின் பாடத்திட்டம். வருடத்தில் ஒரு நாள் இன்னொரு பண்பாட்டுக்குள் போய், உடையையும் ஆட்டத்தையும் பார்த்துவிட்டு, மறுநாள் 'நம்ம' வழக்கத்துக்குத் திரும்பி வந்துவிடுவது. இதில் வெறுப்பு எதுவும் இல்லை. பிரச்சினை என்னவென்றால், பார்க்கிற குழந்தைக்கு அந்த மக்கள் எப்போதும் பளபள உடையில், எப்போதும் ஆடிக்கொண்டே இருப்பவர்களாகத் தெரிகிறார்கள். அங்கேயும் ஒரு குழந்தை சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாததற்குத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது என்பது மேடையில் வருவதே இல்லை.

இந்த மாதிரி முயற்சிகளில் நானறிந்த மிக அழகானதும் மிகச் சோகமானதும் ஒரே கதைதான். 1924இல் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் கொண்டுவந்து ஜப்பானியர்கள் உள்ளே வருவதை அடியோடு நிறுத்தியது. ஜப்பானில் கடும் கோபம். ஜப்பானில் 20 வருடத்துக்கும் மேல் வாழ்ந்த சிட்னி குலிக் என்ற அமெரிக்கப் பாதிரியார், பெரியவர்களிடம் பேசிப் பயனில்லை, குழந்தைகளிடமிருந்து தொடங்குவோம் என்று நினைத்தார். ஜப்பானில் மார்ச் 3 பெண் குழந்தைகளின் பொம்மைத் திருநாள். அதற்குப் பரிசாக அமெரிக்கக் குழந்தைகள் பொம்மைகள் அனுப்பினார்கள். பத்து இருபது இல்லை, 12,739 பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு குட்டிப் பாஸ்போர்ட், ஒரு கப்பல் டிக்கெட், ஒரு கடிதம். 1927 மார்ச் 3 அன்று டோக்கியோவில் பெரிய வரவேற்பு விழா நடந்தது. பிறகு நாடு முழுக்கப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. 'நீலக் கண் பொம்மைகள்' என்று பெயர். அதே வருடக் கடைசியில், தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சியின் ஏற்பாட்டில், தேர்ந்த கைவினைஞர்கள் செய்த 58 பெரிய பொம்மைகள் பதில் மரியாதையாக அமெரிக்காவுக்குப் போயின.

பதினான்கு வருடம் கழித்துப் போர் வந்தது. 1943 வாக்கில் நீலக் கண் பொம்மைகள் எதிரி நாட்டு உளவாளிகள் ஆகிவிட்டன. அவற்றை எரிக்கச் சொன்னார்கள், உடைக்கச் சொன்னார்கள். சில இடங்களில் குழந்தைகளையே வைத்து மூங்கில் ஈட்டியால் குத்தச் செய்தார்கள். வரவேற்று விழா எடுத்த அதே பள்ளிகள்தான். சில ஆசிரியர்கள் மட்டும் மனசு கேட்காமல் பரணிலும் அலமாரிக்குப் பின்னாலும் ஒளித்துவைத்தார்கள். அப்படித் தப்பியவை இன்றைக்கு ஏறக்குறைய 300.

"அப்போ விழாவால ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்களா?" என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஒரு போரைப் பொம்மை நிறுத்தும் என்று எதிர்பார்ப்பது அந்தப் பொம்மைக்குச் செய்கிற அநியாயம். எனக்கு உறுத்துவது வேறு. கப்பல் ஏறிப் போனது பொம்மைகள்தான், எந்தக் குழந்தையும் போகவில்லை. அந்த அழகான விழாவில் ஒரு ஜப்பானியக் குழந்தையும் ஒரு அமெரிக்கக் குழந்தையும் உட்கார்ந்து ஒரு சண்டை போட்டு, அப்புறம் சமாதானமாகி விளையாட வழியே இல்லை. காட்சிக்கு வைத்த பொருளை எப்போது வேண்டுமானாலும் எதிரி என்று பெயர் மாற்றிவிடலாம். கூட விளையாடிய ஆளை அப்படி மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை.

இதை நிரூபிக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். முசாஃபர் ஷெரிஃப் என்ற சமூக உளவியலாளர் 1954இல் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் ஒரு கோடை முகாம் நடத்தினார். 11, 12 வயதுப் பையன்கள் 22 பேர். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: எல்லோரும் ஒரே இனம், ஒரே மதப் பிரிவு, ஒரே மாதிரி நடுத்தர வர்க்கக் குடும்பம். பண்பாட்டு வேற்றுமை மருந்துக்கும் இல்லை. அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துத் தனித்தனியாக வைத்தார்கள். ஒரு குழு தனக்கு ராட்லர்ஸ் என்றும் இன்னொன்று ஈகிள்ஸ் என்றும் பெயர் வைத்துக்கொண்டது. ஒரு வாரம் கழித்து இரண்டையும் போட்டிகளில் மோதவிட்டார்கள். கயிறிழுத்தல், பேஸ்பால், ஜெயிக்கிறவர்களுக்குப் பரிசு. சில நாட்களுக்குள் ஒருவர் கொடியை ஒருவர் எரித்தார்கள், ஒருவர் அறைக்குள் ஒருவர் புகுந்து சூறையாடினார்கள்.

சரி, சேர்த்துவைப்போம் என்று ஒன்றாகச் சாப்பிடவைத்தார்கள், ஒன்றாகப் படம் பார்க்கவைத்தார்கள். சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டதுதான் மிச்சம். பக்கத்தில் உட்காரவைப்பது மட்டும் போதவில்லை. அப்புறம் முகாமின் குடிநீர் வரத்து நின்றுபோகும்படி செய்தார்கள், எல்லோரும் சேர்ந்து தேடிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. சாமான் ஏற்றிவர வேண்டிய லாரி கிளம்பவில்லை என்றார்கள், இரண்டு குழுவும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தது. இந்த மாதிரி வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோதுதான் பகை கரைந்தது. ஊர் திரும்பும்போது ஒரே பேருந்தில் போகிறோம் என்று பையன்களே கேட்டார்கள். வழியில் ஒரு குழு, தான் முன்பு பரிசாக ஜெயித்த 5 டாலரில் எல்லோருக்கும் மால்ட் கலந்த பால் வாங்கிக்கொடுத்தது.

இந்த ஆய்வைப் பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடும். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வருடத்தில் நடந்தது. 1953இல் நியூயார்க் மாநிலத்தில் ஷெரிஃப் இதே சோதனையைச் செய்து தோற்றுப்போனார். அந்த முகாமில் பையன்கள் முதல் சில நாட்கள் எல்லோரும் ஒன்றாகவே இருந்து பழகிவிட்டார்கள், அதன் பிறகுதான் குழு பிரித்தார்கள். பெரியவர்கள் எவ்வளவு மூட்டிவிட்டும் சண்டை பற்றவில்லை. இதைப் பெரியவர்கள்தான் செய்கிறார்கள் என்று பையன்களுக்குச் சந்தேகமும் வந்துவிட்டது. ஷெரிஃப் பார்வையில் அது தோல்வி. விழா நடத்துகிறவருக்கோ இதைவிட நல்ல சேதி வேறு என்ன வேண்டும்?

இப்போது உங்கள் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். குழு பிரித்து, குழுவுக்கொரு பெயரும் கொடியும் கொடுத்து, தனித்தனியாக ஆறு வாரம் ஒத்திகை பார்க்கவைத்து, கடைசியில் 'சிறந்த குழு' என்று கோப்பையும் கொடுத்தால், ஷெரிஃப் பகையை உண்டாக்கப் பயன்படுத்திய செய்முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அமைதி விழா என்று பெயர் வைத்துவிட்டு முதல் பரிசு யாருக்கு என்று மூன்று நடுவர்களை உட்காரவைப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஏன் இது யாருக்கும் வேடிக்கையாகத் தெரிவதில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. பரிசு வேண்டாம். கோப்பைகள் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் விளையாட்டு விழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், மாறுபட்ட மக்கள் சந்தித்துக்கொண்டால் எப்போது மனத்தடை குறையும் என்று 1954இல் நான்கு நிபந்தனைகள் சொன்னார். இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். பின்னாளில், 2006இல், 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சந்திப்பு பொதுவாகவே பலன் தருகிறது, இந்த நிபந்தனைகள் இருந்தால் இன்னும் கூடுதலாகத் தருகிறது என்று தெரிந்தது. மேடையில் ஆடுகிறவரும் கீழே கைதட்டுகிறவரும் சம நிலையில் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகில் நன்றாக நடக்கிற குழந்தைகள் விழாக்களைப் பார்த்தால், மேடை உண்டு, ஆனால் உண்மையான வேலை மேடைக்கு வெளியே நடக்கிறது. துருக்கியில் ஏப்ரல் 23 குழந்தைகள் தினம். 1920இல் அங்காராவில் அவர்களுடைய நாடாளுமன்றம் கூடிய நாள் அது. அன்றைக்குப் பெரிய பதவிகளில் இருப்பவர்கள் தங்கள் நாற்காலியைக் கொஞ்ச நேரம் ஒரு குழந்தைக்குக் கொடுப்பார்கள். ஐ.நா. 1979ஆம் ஆண்டை உலகக் குழந்தைகள் ஆண்டாக அறிவித்தபோது, துருக்கியின் அரசு ஒலி, ஒளிபரப்பு நிறுவனமான டிஆர்டி அந்த நாளைச் சர்வதேச விழாவாக்கி மற்ற நாட்டுக் குழந்தைகளை அழைக்க ஆரம்பித்தது. தொலைக்காட்சியில் தெரிவது நடனம்தான். ஆனால் வருகிற குழந்தைகளை அதே வயதுக் குழந்தை இருக்கிற துருக்கிக் குடும்பங்களின் வீட்டில் தங்கவைப்பது அந்த விழாவின் வழக்கம். மொழி தெரியாத வீட்டில் காலையில் எழுந்து, பல் தேய்க்கும் இடம் எது என்று சைகையில் கேட்டு, அந்த வீட்டுத் தம்பி தன் பொம்மையைத் தர மாட்டேன் என்று அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற குழந்தைக்கு, எந்த நடனமும் சொல்லித்தர முடியாத ஒன்று கிடைக்கிறது.

இன்னொன்று சிஐஎஸ்வி, பல நாட்டுக் குழந்தைகளை ஒன்றாகத் தங்கவைத்து முகாம் நடத்தும் அமைப்பு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு டோரிஸ் ட்விட்செல் ஆலன் என்ற உளவியலாளருக்குத் தோன்றிய யோசனை. முதல் முகாம் 1951இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்தது. அவர் தேர்ந்தெடுத்த வயது 11. தன் பண்பாடு இன்னது என்று தெரியும் வயது, ஆனால் முன்முடிவுகள் இன்னும் இறுகாத வயது என்பது அவர் கணக்கு. நாட்டுக்கு நான்கு பேர், இரண்டு பெண் இரண்டு ஆண், கூட ஒரு பெரியவர். ஏறக்குறைய நான்கு வாரம் ஒன்றாக வாழ்வார்கள். அங்கேயும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மாலை ஒதுக்குவார்கள், உடையும் பாட்டும் உண்டு. ஆனால் அதற்குள் அந்த நால்வரும் மற்றவர்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நண்பர்கள். தெரிந்த ஆள் போட்டிருக்கும் உடை என்றால் அதைப் பற்றிக் கேட்கத் தோன்றும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அதுதான் எல்லாம்.

உங்களுக்கு இருப்பது நான்கு வாரம் இல்லை, ஒரு நாள். அதில் என்ன செய்வது?

என் யோசனை, நாளின் பெரும்பகுதியை விளையாட்டுக்குக் கொடுங்கள். ஓட்டப்பந்தயம் மாதிரி இல்லை, உலகம் முழுக்க ஒன்றாகவும் இடத்துக்கு இடம் கொஞ்சம் வேறாகவும் இருக்கிற விளையாட்டுகள். நாம் பல்லாங்குழி என்கிறோமே, அது கானாவில் ஓவாரே, பிலிப்பைன்ஸில் சுங்கா, இந்தோனேசியாவில் சொங்க்ளாக். குழிகளின் எண்ணிக்கை மாறும், சுற்றுகிற திசை மாறும், எப்போது காய்களை அள்ளலாம் என்பது மாறும், ஆனால் குழியில் காய் போட்டுச் சுற்றுகிற அடிப்படை ஒன்றே. கல்லாங்காய் மாதிரி தூக்கிப்போட்டுப் பிடிக்கிற ஆட்டம், பழைய கிரேக்கத்தில் ஆட்டின் கணுக்கால் எலும்பை வைத்து ஆடப்பட்டது. கட்டம் போட்டு நொண்டியடிப்பதும் நூலை விரல்களில் மாட்டி உருவம் செய்வதும் எத்தனையோ நாடுகளில் இருக்கின்றன. ஆர்க்டிக் பனிப்பகுதி மக்களிடமும் பசிபிக் தீவுகளிலும் நூல் உருவங்களை மானிடவியலாளர்கள் நூறு வருடத்துக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய செலவில்லை, ஒரு நூல்கண்டு, ஒரு மூட்டை கல், கொஞ்சம் சுண்ணக்கட்டி.

இதை எப்படி நடத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே விளையாட்டின் இரண்டு விதமான விதிகளை இரண்டு குழந்தைகளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுங்கள். பிறகு இருவரையும் ஒரே பலகைக்கு முன்னால் உட்காரவைத்து "விளையாடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இரண்டாவது நிமிடமே சண்டை வரும். "இப்படித்தான் ஆடணும்!" "இல்ல, எங்களுக்கு அப்படிச் சொல்லலை!" நீங்கள் குறுக்கே போகக் கூடாது, அதுதான் கஷ்டம். பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடத்தில் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் ஆட்டம் உன் விதி, அடுத்தது என் விதி என்பார்கள், அல்லது இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்று செய்வார்கள். ழான் பியாஜே என்ற உளவியலாளர் சுவிட்சர்லாந்துச் சிறுவர்களின் கோலி விளையாட்டைக் கவனித்து 1932இல் ஒன்று சொன்னார். சின்னக் குழந்தைகள் விதி என்பது மாற்றவே முடியாத ஒன்று என்று நினைக்கிறார்கள். ஏறக்குறைய 10 வயதைத் தாண்டும்போதுதான், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்று புரிகிறது. உங்கள் 8 முதல் 13 வயதுக் கூட்டம் சரியாக அந்த வாசலில் நிற்கிறது. பெரிய குழந்தையையும் சின்னக் குழந்தையையும் ஜோடி சேர்த்தால் இன்னும் நல்லது.

இதில் மாறுபட்ட பண்பாடு எங்கே என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். தான் சரி என்று நம்பி வளர்ந்த ஒன்றை இன்னொருவர் வேறு மாதிரி செய்கிறார், அவருக்கும் அது சரிதான் என்று நேருக்கு நேர் மோதித் தெரிந்துகொள்வதற்குத்தானே அந்தப் பெயர்.

இதற்கு அடுத்து, சேர்ந்து முடிக்க வேண்டிய ஒரே ஒரு பெரிய வேலை. சுவர் நீளத்துக்கு ஒரு ஓவியம், அல்லது எல்லோரும் நின்று பேசக்கூடிய ஒரு கூடாரம், எதுவானாலும் சரி. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையின, மெக்சிகன் குழந்தைகள் முதன்முறையாக ஒன்றாகப் படிக்க நேர்ந்து மோதிக்கொண்டிருந்த வகுப்புகளில் ஒரு எளிய வேலை செய்தார். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். அடுத்தவன் வாய் திறந்தால்தான் உனக்கு மீதிப் பாடம் தெரியும். அதுவரை திக்கித்திக்கிப் பேசுகிறான் என்று கேலி செய்யப்பட்டவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியதாயிற்று. அதையே நீங்களும் செய்யலாம். கூடாரம் கட்ட வேண்டிய குறிப்பை ஐந்தாகக் கிழித்து ஐந்து பேரிடம் கொடுங்கள். ஒருவரிடம் மட்டுமே கயிறு, ஒருவரிடம் மட்டுமே கத்தரிக்கோல்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் 150 பேரில் மொழியாலோ மதத்தாலோ பிறந்த நாட்டாலோ தனித்துத் தெரிகிற குழந்தைகள் சிலர் இருப்பார்கள். "உங்க வழக்கத்தைப் பத்திச் சொல்லும்மா" என்று அவர்களைத் தேடிப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தாதீர்கள். பெரியவர்கள் அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் வருடம் முழுக்க மற்றவர்களோடு கலந்துவிட முயல்கிற ஒரு குழந்தையை அன்றைக்கு மட்டும் எடுத்துத் தனியாக வைக்கிறோம். 10 வயதுக் குழந்தை தன்னைப் பற்றிச் சொல்ல முடியும், ஒரு சமூகத்துக்குப் பிரதிநிதியாகப் பேச முடியாது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 30ஆவது பிரிவு சிறுபான்மைக் குழந்தைக்குத் தன் பண்பாட்டையும் மொழியையும் அனுபவிக்கும் உரிமை உண்டு என்கிறது. அனுபவிக்கும் உரிமைதான் அது, மேடையில் காட்டியாக வேண்டிய கடமை இல்லை. வேண்டுமானால் எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: உங்கள் வீட்டில் தூங்கவைக்க என்ன பாடுவார்கள், யார் பாடுவார்கள்? எல்லோரிடமும் கேட்டால் யாரும் தனியாக நிற்பதில்லை. பதில்களும் நீங்கள் நினைத்ததைவிடச் சுவையாக இருக்கும்.

தேதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். செப்டம்பர் 21 சர்வதேச அமைதி நாள். ஐ.நா. பொதுச்சபை 1981இல் இந்த நாளை உருவாக்கியபோது செப்டம்பரின் மூன்றாவது செவ்வாய் என்று இருந்தது, 2001இல்தான் 21 என்று நிலையாக்கினார்கள். மே 21 பண்பாட்டுப் பன்மைக்கான நாள், நவம்பர் 20 உலகக் குழந்தைகள் நாள். எந்த நாள் விடுமுறை இல்லையோ அந்த நாளில் நடத்துங்கள், தேதிக்காக மெனக்கெட வேண்டாம்.

வெள்ளைப் புறா பறக்கவிடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். வாடகைக்குக் கிடைக்கும் வெள்ளைப் பறவைகளில் பலவற்றுக்கு வெளியே இரை தேடத் தெரியாது, பருந்துக்கும் பூனைக்கும் போய்ச் சேரும். 1988 சோல் ஒலிம்பிக்கில் அமைதிக்காகப் பறக்கவிட்ட புறாக்களில் சில ஒலிம்பிக் தீக்கொப்பரையின் விளிம்பில் போய் உட்கார்ந்தன, அந்த நேரத்தில் தீ மூட்டினார்கள். மிச்சத்தைச் சொல்ல வேண்டாம். பலூனும் வேண்டாம்.

காகிதக் கொக்கு மடிக்கலாமா என்று கேட்டால், மடிக்கலாம், ஆனால் கதையோடு. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு 2 வயது. ஓடியாடி வளர்ந்தாள், பள்ளி ஓட்டப்பந்தயத்தில் கெட்டிக்காரி. ரத்தப் புற்றுநோய் வந்து 1955 அக்டோபரில், 12 வயதில் இறந்தாள். குணமாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அவள் காகிதக் கொக்கு மடித்தது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகச் சொல்லப்படாதது அதற்குப் பிறகு நடந்தது. அவளுக்காகவும் குண்டால் இறந்த எல்லாக் குழந்தைகளுக்காகவும் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று ஆரம்பித்தவர்கள் அவளுடைய வகுப்புத் தோழர்கள். ஜப்பானின் 3,000க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்து பணம் சேர்ந்தது. 1958 மே 5, ஜப்பானின் குழந்தைகள் தினத்தன்று, அந்தச் சின்னம் திறக்கப்பட்டது. 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தக் கதையை மழுப்பாமல் சொல்லலாம். 8 வயதுக்காரர்களுக்கு மடிப்பை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

அமைதி என்பதைப் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமாக வைத்துக்கொள்ளாமல், குழந்தைகள் எதையாவது கேட்பதற்கான இடமாக வைத்துக்கொண்டால் எதிர்பாராத காரியங்கள் நடக்கும். போர்க்காலத்தில், 1943இல், குண்டு விழுந்து விலங்குகள் வெளியே தப்பினால் ஆபத்து என்று டோக்கியோவின் உவேனோ பூங்கா விலங்குகளைக் கொன்றார்கள். மூன்று யானைகளைப் பட்டினி போட்டுச் சாகவிட்டார்கள். போர் முடிந்த பிறகு டோக்கியோ குழந்தைகளுக்கு யானை பார்க்க ஆசை. 1949இல் நூற்றுக்கணக்கான பேர் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள், எங்களுக்கு ஒரு யானை அனுப்புங்கள் என்று. அவர் அனுப்பினார், இது என் பரிசு இல்லை, இந்தியக் குழந்தைகள் ஜப்பான் குழந்தைகளுக்குத் தருவது என்று எழுதி. தன் மகள் பெயரையே வைத்தார், இந்திரா. மைசூர்ப் பக்கத்து யானை என்பதால் அதற்குக் கன்னடக் கட்டளைகள்தான் புரியும், கூடப் போன பாகன்களிடம் பூங்கா ஊழியர்கள் அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த யானை 1983 வரை டோக்கியோவில் இருந்தது. உங்கள் விழாவில் ஒரு மேசை போட்டு, காகிதமும் உறையும் வைத்து, யாருக்கு வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்டுக் கடிதம் எழுதலாம் என்று சொல்லிப் பாருங்கள். எழுதியதை உண்மையிலேயே தபாலில் போடுங்கள். இது முக்கியம், போடாமல் சுவரில் ஒட்டிவைத்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மேடையும் ஒலிபெருக்கியும் முன்பணம் கொடுத்து ஏற்பாடு செய்தாகிவிட்டது, பெற்றோர் வருவார்கள், ஒன்றுமே காட்டாமல் அனுப்ப முடியாது என்றும் எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். கடைசி நாற்பது நிமிடத்தை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகை பார்த்தது எதுவும் வேண்டாம். அன்று காலையில் சண்டை போட்டு உருவாக்கிய விதிகளை இரண்டு குழந்தைகள் மேடைக்கு வந்து விளக்கட்டும், பெற்றோரில் ஒருவரைக் கூப்பிட்டு அந்த விதிப்படி ஆடவைக்கட்டும். பெரியவர்கள் தப்பாக ஆடி, குழந்தைகள் "அப்படி இல்ல!" என்று கத்துகிற சத்தத்துக்கு ஒலிபெருக்கிகூடத் தேவைப்படாது. போட்டோவும் நன்றாகவே வரும்.